தோல் ஆறிவிட்டது, கண் ஏன் சிவக்கிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒன்பது வருடமாக சோரியாசிஸ். இரண்டு வருடமாக வாரம் 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன், தோல் நன்றாக ஆறிவிட்டது, தலையில் மட்டும் கொஞ்சம் செதில். போன வருடக் கடைசியில் இடது கண் சிவந்து வலித்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன், கேட்கவில்லை. கண் மருத்துவர் பார்த்துவிட்டு யுவியைட்டிஸ் என்றார். அவர் தந்த சொட்டு மருந்தில் சரியாகிறது, விட்டால் திரும்ப வருகிறது, இது மூன்றாவது முறை. இப்போது அவரும் தோல் மருத்துவரும் பேசி அடலிமுமாப் ஊசி போடலாம் என்கிறார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டதால்தான் கண்ணில் கிருமி தொற்றியது, எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார் அண்ணன். பயந்துபோய் இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். பார்வை போய்விடுமா? ஊசி ஆயுசுக்கும் போட வேண்டுமா? இதே நோய் உள்ள தோழி செக்குகினுமாப் ஊசி போட்டுத் தோல் பளிச்சென்று இருக்கிறாள், நான் அதைப் போட்டால் என்ன? அடுத்த வருடம் இரண்டாவது குழந்தை பற்றியும் யோசிக்கிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தியதை இன்றே இரண்டு மருத்துவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், போனிலாவது. திட்டுவார்களோ என்று தள்ளிப்போட வேண்டாம். பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், அது எங்களுக்குத் தெரியாமல் போவதுதான் சிக்கல். கண்ணைப் பார்த்துவிட்டு ‘இந்த மருந்து இவருக்குப் போதவில்லை’ என்று நாங்கள் ஒரு முடிவுக்கு வருவோம், உண்மையில் மருந்தே உள்ளே போயிருக்காது. மறுபடி தொடங்கச் சொன்னால் வழக்கமான அளவை வழக்கமான நாளில் மட்டும் போடுங்கள். விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு மடங்காகவோ அடுத்தடுத்த நாட்களிலோ போட்டுவிடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதே கிழமையை மாத்திரை அட்டையிலும் எழுதி வையுங்கள். 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று வெவ்வேறு அளவில் மாத்திரைகள் வருவதால் புது அட்டை வாங்கும்போதெல்லாம் அந்த எண்ணையும் ஒரு முறை பாருங்கள். இன்னொன்று, குழந்தை பற்றி யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதம் நாள் தள்ளிப்போயிருந்தால் பரிசோதனை செய்து கர்ப்பம் இல்லை என்று உறுதியாகும் வரை மாத்திரையைத் தொடாதீர்கள்.

சரி, அண்ணன் சொல்வதற்கு வருவோம். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் உங்கள் விஷயத்தில் காரணம் தலைகீழாகிவிட்டது. சோரியாசிஸில் எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 17, இன்டர்லூக்கின் 23 என்று சில புரதங்கள் ஓயாமல் தூண்டிக்கொண்டே இருப்பதால் தோல் செல்கள் கண்டபடி பெருகிச் செதிலாக உதிர்கின்றன. இதே தூண்டுதல் மூட்டிலும் வேலை செய்யும், கண்ணிலும் செய்யும். கண்ணுக்குள் கண்மணியைச் சுற்றி நிற வளையமாகத் தெரியும் ஐரிஸ், அதன் பின்னால் உள்ள தசை வளையம், விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம், இந்த மூன்றும் சேர்ந்ததற்கு யுவியா என்று பெயர். அங்கே அழற்சி வந்தால் யுவியைட்டிஸ். அதாவது உங்கள் தோலில் வந்த அதே சண்டை இப்போது கண்ணில் நடக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் அதைக் கிளப்பிவிடவில்லை. யுவியைட்டிஸை அடக்குவதற்கே நாங்கள் கொடுக்கும் மருந்து அது. அதையும் மீறி வந்திருக்கிறது என்றால் அந்த மருந்து மட்டும் போதவில்லை என்று பொருள், அதனால்தான் உங்கள் மருத்துவர்கள் ஊசியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அண்ணனின் சந்தேகத்தில் ஒரு பாதி நியாயமும் இருக்கிறது, அதை ஒதுக்க மாட்டேன். கிருமியாலும் யுவியைட்டிஸ் வரும். காசநோய், சிபிலிஸ், ஹெர்பிஸ் வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா எல்லாமே கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கும். சோரியாசிஸ் இருக்கிறது என்பதாலேயே கண்ணில் வருவதெல்லாம் அதனால்தான் என்று எந்தக் கண் மருத்துவரும் முடிவு கட்டக் கூடாது. கிருமி இருக்கும் இடத்தில் எதிர்ப்பு சக்தியை அடக்கினால் அது பெருகிவிடும். அதனால் ஊசிக்கு முன்பு நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகள் எல்லாம் எழுதுவார்கள். ‘இத்தனை டெஸ்ட் எதற்கு’ என்று அலுத்துக்கொள்ளாமல் செய்துவிடுங்கள். காசநோய்க் கிருமி பலர் உடம்பில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும், அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் டி.என்.எஃப். புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அடலிமுமாப் அந்தப் புரதத்தைத்தான் தடுக்கிறது. உறங்கும் காசநோய் இருப்பது தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. முதலில் அதற்கான மாத்திரையைத் தொடங்கி, சில வாரம் போன பிறகு ஊசியை ஆரம்பிப்பார்கள்.

இப்போது, சொட்டு மருந்தை விட்டால் ஏன் திரும்ப வருகிறது என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்வையைக் காப்பாற்றுவதே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்லிட் லேம்ப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவி முன்னால் தாடையை வைத்து உட்கார வைக்கிறோம் இல்லையா, அப்போது மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றைச் சாய்வாகக் கண்ணுக்குள் விடுகிறோம். நல்ல கண்ணில் கருவிழிக்கும் (கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலம்) ஐரிஸுக்கும் நடுவில் இருக்கும் நீர் தெளிவாக, ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். யுவியைட்டிஸ் உள்ள கண்ணில், ஜன்னல் இடுக்கு வழியாக வரும் வெயிலில் தூசி மிதக்குமே, அப்படி வெள்ளை அணுக்கள் மிதந்துகொண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒளியில் அவற்றை எண்ணுகிறோம். 2005-ல் உலக அளவில் இதற்கென ஒரு பொதுக் கணக்கு வகுத்தார்கள். 6 முதல் 15 வரை இருந்தால் 1 பிளஸ், 16 முதல் 25 வரை 2 பிளஸ், 26 முதல் 50 வரை 3 பிளஸ், அதற்கும் மேலே 4 பிளஸ். உங்கள் சீட்டில் ‘செல்ஸ்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், பாருங்கள். உங்கள் நோயின் உண்மையான அளவு அந்த எண்தான், கண்ணாடியில் தெரியும் சிவப்பு இல்லை. ஸ்டீராய்டு சொட்டு போட ஆரம்பித்த சில நாளிலேயே சிவப்பு போய்விடும், வலியும் போய்விடும். அப்போது உள்ளே பார்த்தால் 1 பிளஸ் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். ‘கண் வெள்ளையாகிவிட்டதே’ என்று மருந்தை விட்டால் பத்து நாளில் திரும்ப 3 பிளஸ். உங்களுக்கும் இப்படி நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். முதலில் மணிக்கு ஒரு சொட்டு, அப்புறம் நாளைக்கு ஆறு, நான்கு, மூன்று என்று வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பது அந்த அணுக்கள் பூஜ்யமாகி அப்படியே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அத்துடன் கண்மணியை விரிக்கும் சொட்டு ஒன்றும் தந்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்குகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று நிறையப் பேர் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அழற்சி உள்ள ஐரிஸ் பின்னால் இருக்கும் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிவிட்டால் கண்மணி வட்டமாக விரியாமல் கோணல்மாணலாக நிற்கும், சுற்றி முழுக்க ஒட்டிக்கொண்டால் நீர் ஓட வழியில்லாமல் கண் பிரஷர் எகிறும். ஐரிஸை அசைய வைத்து ஒட்டாமல் காப்பது அந்தச் சொட்டுதான். மங்கல் தற்காலிகம், போட்டுவிடுங்கள்.

சரி, சொட்டு மருந்தையே தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் என்ன? ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் பிரஷரை ஏற்றும், நாள்பட்டால் கண்புரையைக் கொண்டுவரும். பிரட்னிசோலோன் சொட்டு நாளைக்கு மூன்றுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டால்தான் கண் அமைதியாக இருக்கிறது என்ற நிலை வந்தால் உடம்புக்குள் போகும் மருந்தைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். சில மாதத்தில் மூன்று முறை திரும்பிய உங்கள் கண்ணும் அதே இடத்தில்தான் நிற்கிறது. பிரஷர் ஏறினால் அதற்கு ஒரு சொட்டு தருவார்கள். அப்போது சோரியாசிஸ் இருப்பதை மறக்காமல் நினைவூட்டுங்கள். பிரஷருக்கு அதிகம் எழுதப்படும் டிமோலால், சோரியாசிஸைத் தூண்டக்கூடிய பீட்டா பிளாக்கர் என்ற மருந்து வகையைச் சேர்ந்தது. சொட்டாகப் போட்டும் சிலருக்கு சோரியாசிஸ் கிளம்பியிருக்கிறது. அதற்கு மாற்று மருந்துகள் தாராளமாக உண்டு. இதே போல, கண்ணுக்கென்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால் தோல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். மாத்திரை சாப்பிடும்போது தோலும் கண்ணும் இரண்டும் அருமையாக இருக்கும், நிறுத்தும்போது சோரியாசிஸ் முன்பைவிட மோசமாக, சீழ்க்கொப்புளங்களுடன்கூடத் திரும்பி வரலாம். பார்வைக்கு ஆபத்து என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பின்னாலேயே வேறு மருந்து தாங்கிப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

தோழியின் ஊசிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். செக்குகினுமாப் இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்கும் மருந்து. தோலுக்கு அது பிரமாதமான மருந்து, சந்தேகமே இல்லை. கண்ணுக்கும் பிரமாதமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் யுவியைட்டிஸ் நோயாளிகளிடம் மூன்று பெரிய ஆய்வுகள் நடத்தினார்கள். 2013-ல் முடிவு வெளியானபோது, எதிர்பார்த்தபடி கண்ணில் நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை. இன்னொரு உதாரணம் எட்டனெர்செப்ட். அதுவும் அடலிமுமாப் மாதிரியே டி.என்.எஃப்.பைத் தடுப்பதுதான், தோலுக்கும் மூட்டுக்கும் கேட்கிறது, ஆனால் கண்ணைச் சரியாகக் காப்பதில்லை, அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே புதிதாக யுவியைட்டிஸ் வந்தவர்களும் உண்டு. அடலிமுமாப் தோல், மூட்டு, கண் மூன்றுக்கும் கேட்கும். கிருமியால் வராத யுவியைட்டிஸில் நடுப்பகுதி, பின்பகுதி வகைகளுக்கு 2016-லேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி வந்துவிட்டது. உங்களைப் போல முன்பகுதியில் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும் நாங்கள் கொடுக்கிறோம். ஆகவே தோல் மட்டும் உள்ள ஒருவருக்கு எது நல்லதோ அது கண்ணும் சேர்ந்த ஒருவருக்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. என் கருத்தைக் கேட்டால், சோரியாசிஸுடன் யுவியைட்டிஸும் உள்ளவருக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். தோலில் ஏறினால் உடனே தெரியும், ஆறினால் தழும்பு பெரும்பாலும் நிற்காது. கண்ணுக்குள் நடக்கும் சேதம் வெளியே தெரியாது, பலவற்றைத் திருப்பவும் முடியாது. நாளைக்குத் தோல் மருத்துவர் மாறினாலும், ‘எனக்கு யுவியைட்டிஸ் வந்திருக்கிறது’ என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

அடலிமுமாப் முதல் நாள் 80 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 40, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 என்று தோலுக்கு அடியில் போடும் ஊசி. வீட்டிலேயே போடப் பழகிக்கொள்ளலாம். கூடவே மெத்தோட்ரெக்ஸேட்டையும் குறைந்த அளவில் தொடரச் சொன்னால் ஏன் இரண்டு என்று குழம்ப வேண்டாம். இந்த ஊசிக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரித்து மருந்தைச் செல்லாக்காசாக்குவது உண்டு, மெத்தோட்ரெக்ஸேட் அதைக் குறைக்கும். போட்ட இடத்தில் சிவந்து அரிப்பது சாதாரணம். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், விடாத இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கை கால் மரத்துப்போவது, கண்ணை அசைத்தால் வலித்துப் பார்வை மங்குவது எப்போதாவது இருந்திருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு நோய் இருந்தாலும், இதயம் பலவீனம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இந்த வகை மருந்து அவற்றை மோசமாக்கலாம். சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளலாம், உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தடுப்பூசிகள் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் வரை மது கூடாது, ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடக் கூடாது, லிவர், கிட்னி, ரத்த அணுக்கள் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறு எங்காவது போனால், கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேரவே கூடாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுசுக்குமா என்றால், அப்படி யாரும் இன்றைக்கே எழுதித் தர முடியாது. சொட்டு மருந்தே இல்லாமல் கண் சுமார் இரண்டு வருடம் அமைதியாக இருந்தால் குறைத்துப் பார்ப்பது வழக்கம். சிலருக்குத் திரும்பும், திரும்பினால் மறுபடி தொடங்குவோம், பெரும்பாலும் மறுபடியும் கேட்கும். பார்வை போய்விடுமா என்று கேட்டீர்கள். ஒரு தடவை வந்ததால் போகாது. அடங்காமல் விட்டு, ஒட்டுதல், பிரஷர், புரை, விழித்திரையின் நடுவில் நீர் கோப்பது என்று ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும்போதுதான் போகிறது. இந்த நீர்க்கோப்பை ஓ.சி.டி. ஸ்கேனில் பார்த்துவிடலாம், வலியே இல்லாத பரிசோதனை. மூன்று முறை வந்துவிட்ட உங்களுக்கு இதுவரை எடுக்கவில்லை என்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், வலது கண்ணுக்கும் சேர்த்து. சோரியாசிஸ் சம்பந்தமான யுவியைட்டிஸ் சிலருக்கு இரண்டு கண்ணிலும், சிவப்பே இல்லாமல் மெதுவாக, பின்பகுதியிலும் வரும். அப்போது பூச்சி பறப்பது போலவும் மங்கலாகவும்தான் தெரியும், வலிக்காது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். காலையில் எழுந்ததும் முதுகோ விரல்களோ அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கிறதா? ஏதாவது ஒரு விரல் முழுசாக வீங்கியதுண்டா? குதிகால் வலி? நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள்? இருந்தால் சோரியாசிஸ் மூட்டுவரை போயிருக்கலாம், யுவியைட்டிஸ் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதிலும் ரத்தப் பரிசோதனையில் எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு வகை தெரிந்தால் இன்னும் அதிகம். ஒரு மூட்டு நோய் நிபுணரையும் பார்த்துவிடுங்கள். மூட்டும் சேர்ந்திருந்தால் அடலிமுமாப்புக்குக் காரணம் இன்னும் பலமாகிறது.

குழந்தை விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம். மெத்தோட்ரெக்ஸேட் கருச்சிதைவையும் குழந்தைக்குப் பிறவிக் குறைகளையும் உண்டாக்கும், கர்ப்பத்தில் அறவே கூடாது. கர்ப்பத்துக்கு முயல்வதற்கு எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்பதில் ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை வழிகாட்டுதல்கள் மாறுபடுகின்றன, உங்கள் மருத்துவர் சொல்லும் காலத்தைக் கடைப்பிடியுங்கள், அதுவரை கருத்தடை கட்டாயம். அடலிமுமாப் அப்படி இல்லை. தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் தொடரலாம். கடைசி மாதங்களில் அது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் என்பதால் எப்போது நிறுத்துவது என்று முன்பே பேசி வைக்க வேண்டும். கடைசிவரை போட்டிருந்தால், பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி., ரோட்டா வைரஸ் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை முதல் ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொல்வார்கள், பிரசவ அறையிலேயே குழந்தை மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் என்ற உங்கள் எண்ணத்தை இப்போதே இரண்டு மருத்துவர்களிடமும் சொன்னீர்கள் என்றால், முதலில் ஊசியால் கண்ணை அமைதியாக்கி, பிறகு மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் விலக்கி, அது இல்லாமலும் கண் நிற்கிறதா என்று சில மாதம் பார்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாக முயற்சி செய்யலாம். அதற்கு ஒரு வருட அவகாசம் போதும், ஆனால் இந்த மாதமே தொடங்க வேண்டும்.

இதற்கிடையில் கண் மறுபடி சிவந்து, வெளிச்சம் கூசி, உள்ளுக்குள் வலித்தால் கடைக்குப் போகாதீர்கள், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பாட்டிலையும் எடுக்காதீர்கள், அன்றைக்கே ஸ்லிட் லேம்பில் காட்டுங்கள். ஹெர்பிஸ் புண்ணாக இருந்தால் அதே ஸ்டீராய்டு சொட்டு கருவிழியையே கெடுத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்புதான்.

அன்புடன்,
உங்கள் கண் மருத்துவர்